மூன்று மைலுக்கு முன்னால்

"மிஸ், இதையும் திருப்பி அனுப்பிட்டாரு" என்றாள் சுடர்விழி.

மணமேல்குடியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள் அவள். கம்ப்யூட்டர் ஆசிரியை பிரகதீஸ்வரி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். இது மூன்றாவது முறை.

பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி அது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் சாஃப்ட்வேர்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பிடித்ததை எடுத்து, அதிலிருக்கும் ஒரு குறையைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. அவர் சரி என்று சொன்னால்தான் திருத்தம் சேரும்.

முதல் நாளே குழப்பம்தான். எல்லோருக்கும் சொந்தம் என்றால், நாம் திருத்தியதை வேண்டாம் என்று சொல்ல அவர் யார் என்று கேட்டாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹரிணி. 

சுடர்விழி எடுத்தது ஒரு கடல் செயலி. படகு இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் போனில் மணி அடிக்கும். ஜெகதாப்பட்டினத்தில் அவள் அப்பா வேலை பார்த்த விசைப்படகிலும் அது இருந்தது. போன வருடம் அந்த மணி அடித்துத் திரும்புவதற்குள் படகு கோட்டைத் தாண்டிவிட்டது. எழுபது நாள் அந்தக் கரையில் சிறையில் கிடந்துவிட்டு, பாதி உடம்பாகத் திரும்பி வந்தார் அப்பா. பட்டியலில் 'மணி தாமதமாக அடிக்கிறது' என்ற வரியைப் பார்த்ததும் வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

அரை மைலுக்கு முன்னால் அடித்த மணியை ஒரு மைலாக மாற்றி அனுப்பினாள். வழிகாட்டியின் பெயர் இருந்த இடத்தில் கே.ஜே. என்று இரண்டு எழுத்துதான் இருந்தது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். 'போதாது. வலை கடலுக்குள் கிடக்கும்போது படகு எப்படித் திரும்பும்? கடலுக்குப் போகிறவரைக் கேள்' என்று எழுதியிருந்தார்.

எங்கோ வெளிநாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வலையைப் பற்றி என்ன தெரியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டாள்.

"வலைய ஏத்தவே அரை மணி நேரம் ஆகும்த்தா. அதுக்குள்ள ஒன்றரை மைலு அங்கிட்டு இழுத்துட்டுப் போயிரும்" என்றார் அவர்.

இரண்டு மைலாக்கி அனுப்பினாள். 'நீரோட்டத்தைக் கணக்கில் எடுத்தாயா?' என்று திரும்பி வந்தது. மூன்று மைலாக்கினாள். அவ்வளவு நேரம் மணி கத்தினால் தொழில் பார்க்க முடியாது என்று அப்பாவின் கூட்டாளிகள் சொன்னதால், மணியை நிறுத்த ஒரு பொத்தானும் வைத்தாள். அதைத்தான் இப்போது திருப்பி அனுப்பியிருந்தார். 'மூன்று மைல் சரி. பொத்தான் கூடாது.' காரணம் ஒன்றும் எழுதவில்லை.

"இவருக்கு என்னதான் வேணும் மிஸ்? பிடிபடுறது நம்ம ஆளுக. இவரு ஏன் இம்புட்டுப் பிடிவாதம் பிடிக்கணும்?"

மிஸ் அவரையே கேட்டுவிடச் சொன்னார். சுடர்விழி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். என் அப்பா அந்தக் கோட்டினால் எழுபது நாள் சிறையில் இருந்தார். அந்த நாட்களில் என் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உங்களுக்கு அது தெரியாது.

இரண்டு நாளாகப் பதில் இல்லை. கோபமாக எழுதிவிட்டோமோ, போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. பொத்தானை எடுத்துவிட்டாள். மூன்று மைலில் மெதுவாக ஒரு முறை, இரண்டு மைலில் நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு மைலுக்குள் போனால் படகு திரும்பும் வரை விடாமல் அடிப்பதுபோல் மாற்றினாள். அப்பாவின் கூட்டாளிகளிடம் காட்டியபோது, இதென்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அனுப்பினாள்.

மறுநாள் மதியம் லேபில் திரையைத் திறந்தபோது அவள் பெயருக்கு நேரே பச்சை நிறத்தில் 'சேர்க்கப்பட்டது' என்று இருந்தது. இனிமேல் அந்தச் செயலி இருக்கும் போன்களிலெல்லாம் அவள் எழுதியபடிதான் மணி அடிக்கும் என்றார் மிஸ். ஹரிணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சுடர்விழிக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பமே அதிகமாக இருந்தது. நன்றி சொல்லி, கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, கடலைப் பற்றி உங்களுக்கு இவ்வளவு எப்படித் தெரியும், நீங்கள் எந்த ஊர் என்று எழுதினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. முதன்முறையாகத் தமிழில்.

'நான் யாழ்ப்பாணம், பருத்தித்துறைப் பக்கம். எங்கட அப்பாவின்ர வலையளை மூண்டு தரம் உங்கட பக்கத்து இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போட்டுது. பிறகு அவர் கடலுக்கே போகேல்லை. அதாலதான் இந்தச் செயலியை எழுதத் தொடங்கினனான், தங்கச்சி. நீங்கள் பிடிபடாமல் இருக்கவேணும் எண்டில்லை, வராமல் இருக்கவேணும் எண்டு.'