மெக்கானிக் பட்டியல்

வீட்டிலேயே ஆயில் மாற்றிய அன்று, பூங்கோதையை உரிமையாளர் பட்டியலிலிருந்து எடுத்து மெக்கானிக் பட்டியலில் போட்டுவிட்டது கார். மெக்கானிக்குகள் சோதனைக்காக இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டலாம்.

அப்பாவின் டயாலிசிஸ் மையம் பதினோரு கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி, பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்த்துவிட்டு ஏறினால் கார் மறுபடி கிளம்பும்.

ஐந்தாவது நிறுத்தத்தில், பின்சீட்டில் இருந்த அப்பாவிடம் கார் கேட்டது: "மெக்கானிக் வேலை எப்படி, ஐயா?"

"நல்லாருக்குன்னு சொல்லிருங்கப்பா," என்றாள் பூங்கோதை.

பெற்ற பிள்ளையை அடுத்தவர் முன்னால் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பது அவர் கட்சி.

"இன்னும் கொஞ்சம் கவனமா செய்யலாம்," என்றார்.

"புகார் பதிவாகிவிட்டது. மெக்கானிக் இறங்கலாம்."

மீதி ஒரு கிலோமீட்டரை இருவரும் மெதுவாக நடந்தார்கள். கார் கண்ணுக்கு மறைந்ததும் அப்பா சொன்னார்:

"ஆயில் நல்லாத்தாம்மா மாத்திருக்க."