காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

பெருமாள்மலையில் மண் அள்ளும் பொக்லைனுக்காக மூன்றாவது தடவையாக மலையேறி வந்திருந்தான் மெக்கானிக் டிக்சன். சீட் காலியாகக் கிடந்தது. ஆனால் ஆள் உட்கார்ந்திருப்பதாகவும் பெல்ட் போடவில்லை என்றும் திரையில் எரர் கோடு வந்தது, அலாரம் ஓயாமல் அலறியது. சென்சாரை மாற்றியாயிற்று, வயரையும் மாற்றியாயிற்று. அலுத்துப்போய் சென்சார் பிளக்கையே கழற்றிப் போட்டான். அப்போதும் அலறியது.

“பழைய ஆபரேட்டர் உபகாரம் அண்ணன் இந்தச் சத்தத்துக்குப் பயந்தே பெல்ட்ட முதுகுக்குப் பின்னால மாட்டிட்டு ஓட்டுவாருங்க,” என்றான் புது ஆபரேட்டர் செல்வமுருகன். “போன மழைல வண்டி கவுந்தப்ப ஆளத் தூக்கி வீசிருச்சு. அதோட போயிட்டாரு.”

வெரசா வீடு போய்ச் சேர்ந்தால் போதுமென்று டிக்சன் காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் அடங்கியது.

பெல்ட் சீட்டில் படியவில்லை. ஒரு தொப்பை அளவுக்கு மேடிட்டு நின்று, மெல்ல ஏறி இறங்கியது.