எவர்சில்வர் மரம்

"ஏய் நாகம்மா! கீழ இறங்கு! பூஜை போட்டதைத் துடைக்கிறியே, நீயெல்லாம் வெளங்குவியா?"

கத்தினது நான்தான். ஒளிப்பானேன்?

ஆயுத பூஜைன்னா எங்க கம்பெனியில பெரிய பிரஸ் மெஷின்லேர்ந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைப்போம். மறுநாள் காலையிலேயே அதை ஒருத்தர் ஈரத்துணியால தேய்ச்சு எடுத்தா வயிறு எரியாதா?

அந்தம்மா ஏறி நின்னது சிப்காட் ரவுண்டானாவுல இருந்த எவர்சில்வர் மரத்துல. எங்க வெல்டர் அழகர்சாமி, ஷிப்டு முடிஞ்சு மூணு மாசம் உட்கார்ந்து, கழிச்சுப் போட்ட தகட்டுல செஞ்சது. நூத்தெட்டு இலை. காத்தடிச்சா சுத்தும். வெயில் பட்டா ரோடு பூரா வெளிச்சம் ஓடும். விஜயதசமி நல்ல நாளாச்சே, பத்து மணிக்கு எம்.டி. திறந்து வைக்கறார்.

முந்தாநாள் வரைக்கும் சுத்தினது, அன்னிக்குன்னு பார்த்து அசையவே இல்ல.

"காத்து நல்லாத்தானே அடிக்குது? எம்.டி. முன்னாடியும் இப்படியே நின்னுச்சுன்னா, நாளைக்கே அறுத்து ஸ்கிராப்புல போட்டுருவேன்!" மானேஜர் திருமலை குதிச்சார்.

அழகர்சாமி முகத்துல ஈயாடல.

"இலை சுத்துற ஆணியில சந்தனம் காஞ்சு புடிச்சிருக்குதுங்க சார்," மேலேயிருந்து நாகம்மா சொல்லுச்சு. கூட்டிப் பெருக்குற கான்ட்ராக்ட் ஆளு அது.

"நேத்து பூஜையில எவன்யா அங்க போய்ச் சந்தனம் அப்பினது?"

"நான்தாங்க. தெரியாம பூசிட்டேன்," நாகம்மாவேதான் சொல்லுச்சு.

"அறிவிருக்கா உனக்கு? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

நாங்களும் ஆளாளுக்குத் திட்டினோம். அந்தம்மா நூத்தெட்டு இலையையும் துடைச்சு, தேங்காயெண்ணெய் விட்டுட்டு இறங்கும்போது மணி பத்துக்கு அஞ்சு நிமிஷம்.

எம்.டி. கார் வந்து நின்னுச்சு. காத்தும் வந்துச்சு.

அடேங்கப்பா! நூத்தெட்டும் ஒண்ணா சுத்துச்சு பாருங்க! லாரி மேல, பஸ் மேல, எங்க மூஞ்சி மேலெல்லாம் வெளிச்சம் துள்ளி ஓடுச்சு. பெங்களூர் லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, "சூப்பராகிதே!"ன்னு கன்னடத்துல கத்தினார். தேன்கனிக்கோட்டை பஸ்ல ஒரே விசில். எம்.டி. கைதட்டினார். திருமலை சார் அவரைவிடப் பலமாத் தட்டினார்.

"செஞ்ச மகராசன் யாருப்பா? ரெண்டு வார்த்தை பேசு!" எம்.டி. மைக்கை நீட்டினார்.

வாங்கின அழகர்சாமி நாகம்மா பக்கம் திரும்பினார்.

"செஞ்சது நான்தேன் சார். எல்லாரும் பொரி வாங்கப் போனப்ப, ஆசையில ஏறிச் சந்தனத்தை அப்பினதும் நான்தேன். நாகம்மாக்கா நேத்து வேலைக்கே வரல."