மறதிக்கார ராஜா

"ஒண்ணு அந்த மந்திரி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ராஜா வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். டைரக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பள்ளி விடுமுறை வந்தால் அந்த அரங்கில் 'லீவை ஒழித்த ராஜா' நாடகம் நிச்சயம். யார் யாரோ போட்ட வேஷம் இந்த வருஷம் இவருக்கு வாய்த்தது. பிள்ளைகள் நடுங்கவேண்டும் என்று ஆசை ஆசையாக மீசையை முறுக்கி வைத்திருந்தார்.

"அப்படி என்னண்ணே பண்ணிட்டார்?"

"நாடகத்துல இல்லாத வசனம் தினம் ஒண்ணு பேசறான்மா. நேத்து நான், 'ஞாயிற்றுக்கிழமையைச் சிறையில் தள்ளு'ன்னு கர்ஜிக்கிறேன். அவன், 'சற்றுமுன் தள்ளிவிட்டோமே, மன்னர் மறந்துவிட்டாரா'ங்கறான். அரங்கமே சிரிக்குது."

"பேப்பர்ல பாராட்டித்தானே எழுதியிருக்காங்க?"

அதுதான் அவருக்குப் பிடிபடவே இல்லை. 'மறதிக்கார ராஜா! இந்த வேஷத்தை இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லை' என்று எழுதியிருந்தார்கள். மறதிக்காரராக இவர் எப்போது நடித்தார்? யோசித்து யோசித்துக் குழம்பியதுதான் மிச்சம்.

மூலையில் மந்திரி ஒட்டுத்தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நான் விலகிக்கறேம்மா" என்று வெளியே போனார். டைரக்டரம்மாவும் பின்னாலேயே போனார்.

"குட்டு உடைஞ்சதும் நழுவுறான் பாரு" என்றார் ராஜா.

மறுநாள் புது மந்திரி. ராஜா வழக்கம்போல் கர்ஜித்தார். மந்திரி பதில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில், "இதைத்தானே இப்ப சொன்னார்?" என்று யாரோ கேட்டது மேடைவரை கேட்டது.

இடைவேளையில் ராஜா டைரக்டரம்மாவிடம் சீறினார்.

"இவனும் ஏதோ சம்பந்தமில்லாம உளறுறான்."

"இல்லண்ணே. இவர் நாடகத்துல இருக்கறதை அப்படியே பேசறார். நீங்கதான் சொன்ன வசனத்தையே மறுபடி சொல்றீங்க, முதல் நாள்லேருந்தே. அதை வேணும்னே நடிக்கிற மாதிரி ஆக்கி வச்சது பழைய மந்திரிதான்."

ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"நேத்து பின்னாலேயே போய் நானும் அதைத்தான் கேட்டேன். 'மறதின்னு தெரிஞ்சா அந்த மனுஷன் மேடையே ஏறமாட்டார். நான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டேன்னே இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."