நங்கூரப் பட்டன்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். தையல் மெஷினில் ரஹ்மத்துல்லா. கீழே பாயில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பதருன்னிசா. பெல்பாட்டம் பேன்ட்டுக்காகக் காத்திருந்த வாசுதேவன். மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு வந்து, அந்த வைகாசி வெயிலில் ஒரு கம்பளிக் கோட்டைச் சுமந்துகொண்டு நின்ற சந்திரம்மா.

"இத்துல இருக்கிற பட்டனையெல்லாம் அறுத்து இந்தச் சட்டையில வச்சுக் குடு பாய். இன்னிக்கே வேணும்."

கூடவே ஒரு காக்கிச் சட்டையை நீட்டினாள். புத்தம் புதிய வாட்ச்மேன் சட்டை.

ரஹ்மத்துல்லா கோட்டை மேசையில் விரித்தார். கருநீலம். போர்வை கனம். தூக்கிவிட்டால் காதை மூடும் காலர். கையை விட்டுக்கொள்ள வாகாக, வயிற்றுக்கு மேலே நெட்டுக்குத்தாய் இரண்டு பை. முன்னால் இரண்டு வரிசையாக எட்டுப் பட்டன். ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது.

"கப்பல்காரன் கோட்டாச்சே. ஏதும்மா?"

"எங்க வூட்டுக்காரரு கெஸ்ட் அவுஸ்ல வாட்ச்மேன். அங்க வந்து தங்கின வெள்ளக்காரன் குடுத்துட்டுப் போனான்."

ரஹ்மத்துல்லா கோட்டைப் புரட்டினார். குழம்பினார். ஆண்கள் சட்டைக்கு வலது பக்கம் பட்டன், இடது பக்கம் காஜா. பெண்கள் சட்டைக்கு அதுவே தலைகீழ். இதில் காஜா இரண்டு பக்கமும் இருந்தது.

"இது இன்னாம்மா, ஆம்பிளை கோட்டா, பொம்பளை கோட்டா?"

"புருசன் பொஞ்சாதி மாத்தி மாத்திப் போட்டுக்கலாம் பாய்," என்றான் வாசுதேவன்.

சந்திரம்மா சிரிக்கவில்லை. "கப்பல்ல காத்து மாறி மாறி அடிக்குமாம். அடிக்கிற பக்கத்தைப் பார்த்து இப்டியும் மூடிக்கலாம், அப்டியும் மூடிக்கலாம். வெள்ளக்காரன் காட்டினான்."

"நல்ல கோட்டையும் கெடுத்து, நல்ல சட்டையையும் கெடுக்கச் சொல்றியே. அப்டி இன்னா அவசியம்?"

"இல்லாட்டி வேலை பூடும் பாய்."

போன வாரம் வரை அவள் புருஷன் சடையப்பனுக்கு ராத்திரி டியூட்டி. கடல் காற்றுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பார், யாரும் கேட்கவில்லை. இந்த வாரம் பகல் டியூட்டி. கோட்டு கூடாது என்றுவிட்டார் புது மேனேஜர். இரண்டு நாளாகச் சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர். 'வெள்ளைக்காரங்க வர்ற எடம். நாளைக்கும் மாரைக் காட்டிக்கினு நின்னா அப்டியே வூட்டுக்குப் போயிடு' என்று சொல்லி, இன்று பாதி டியூட்டியிலேயே மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"சட்டையிலதான் பட்டன் கீதே," என்றான் வாசுதேவன். "போட்டுக்க வேண்டியதுதானே? இன்னா, சினிமா ஹீரோவா அவரு?"

"இந்தப் பட்டன்னாத்தான் போட்டுக்குவாரு."

"துரைக்கு நங்கூரம்தான் வேணுமாக்கும்," என்றார் ரஹ்மத்துல்லா. "காலையில நீயே போட்டு அனுப்பேன்."

"விடியறதுக்குள்ள நான் மீன் எடுக்கப் பூடுவேன் பாய்."

"பிரஸ் பட்டன் வச்சுத் தரட்டா?"

"அது சரிப்படாது."

"யூனிபாரத்துல வேற பட்டன் கீதுன்னு மேனேஜர் கத்தமாட்டாரா?"

"மூடியிருக்கணும்னுதான் சொன்னாரு. எந்தப் பட்டன்னு சொல்லலியே." சந்திரம்மா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு பாய். பட்டன் இடது பக்கம் வரணும்."

ரஹ்மத்துல்லா நிமிர்ந்து பார்த்தார். "அது பொம்பளைங்க பக்கம்மா!"

"அப்டியே ரெண்டு முழம் பூவும் வாங்கிக்கினு போ," என்றான் வாசுதேவன்.

"நீ உன் பேன்ட்டைப் பாரு தம்பி," என்ற பதருன்னிசா கணவனிடம் திரும்பினாள். "கேக்கறதைத் தெச்சுக் குடுங்களேன்."

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ரஹ்மத்துல்லா கத்தரியை எடுத்தார். இடது பக்கத்துப் பழைய காஜாக்களை மூடித் தைத்து, அவற்றின் மேலேயே பெரிய பட்டன்களை வைத்தார். துளை மறைந்தது. துணி கிழியாமலிருக்க உள்பக்கம் ஒரு பட்டை கொடுத்தார். முன்னால் ஆறு, மீதி இரண்டையும் சட்டைப் பைகளின் மூடியில் தைத்தார். ஒன்றுபோல இருக்கட்டும்.

வலது பக்கத்துப் பழைய பட்டன்களை அறுத்துவிட்டு, அங்கே பதருன்னிசா காஜா வெட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா, அக்கா."

"தொளதொளன்னு இருந்தா அவுந்துடும்மா," என்றார் ரஹ்மத்துல்லா.

"அவுந்தா மாட்டிக்குவாரு பாய். அவரே மாட்டிக்குவாரு." முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பும் ரஹ்மத்துல்லாவுக்கு விளங்கவில்லை. சோம்பேறிப் புருஷனுக்கு இவ்வளவு செல்லமா?

"போட்டுப் பார்க்காம என் கடையிலேர்ந்து சட்டை போவாது. எங்க அந்த மகராசன்?"

"பஸ் ஸ்டாண்டுல நிக்கறாரு. கூச்சம்." கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய் அழைத்துவந்தாள்.

சடையப்பன் வாட்டசாட்டமாக இருந்தார். முன்னால் சேர்த்துப் பிடித்த கைகளின் மேல் ஒரு துண்டு. வணக்கம் சொல்லக்கூடக் கையை எடுக்கவில்லை. வாசுதேவன் ரஹ்மத்துல்லாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சந்திரம்மா அவரைச் சுவர்ப் பக்கம் நிறுத்திச் சட்டையை மாட்டிவிட்டு, துண்டைத் திரும்பக் கைகளின் மேல் போட்டு இந்தப் பக்கம் திருப்பினாள். ரஹ்மத்துல்லா பட்டன் போடக் கை நீட்டினார்.

"வேணாம் பாய். நானே."

துண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

சடையப்பன் அடியிலிருந்து தொடங்கினார். இடது கையால் பட்டனைப் பிடித்தார். வலது கையால் காஜாவை விரித்தார். ஒன்று நழுவியது. மறுபடி பிடித்தார். சந்திரம்மா உதவிக்குப் போகாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கல்லுடைக்கிற எடத்துல வெடி நேரத்துக்கு முன்னாலேயே வெடிச்சிருச்சு பாய்," என்றார் சடையப்பன், குனிந்த தலை நிமிராமல்.

கழுத்துப் பட்டனும் மாட்டியாயிற்று. மாட்டிய கைகளில் மீதியிருந்த விரல்கள், இடதில் இரண்டு, வலதில் ஒன்று.