மாடியில் இருப்பவர்

2047 ஜூன் 3 அன்று மேலக்கரணை கடைவீதி உயிரியல் தொழில் வட்டாரமானது. ஓர் ஆளுக்கு ஓர் உரிமம்தான் என்று விதி வந்தது.

செல் வளர்க்கும் கம்பெனி ஒன்றை அங்கே வரவழைக்க வியாபாரிகள் சங்கமே பூசணிக்காய் உடைத்து, ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்திருந்தது. அதிலிருந்து வளர்த்த செல்கள் கம்பெனி ஆய்வகத்து மாடியில் அவரவர் பெயரிலேயே உரிமத்தோடு பதிவாகியிருந்தன.

பரோட்டாக்கடை தணிகைவேல் உரிமம் புதுப்பிக்கப் போனார்.

"அண்ணே, உங்க பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. மாடியில இருக்கீங்களே," என்றார் அதிகாரி ஷெரின்.

"நான் இங்கதானேம்மா நிக்கிறேன்!"

"அவரும் நீங்கதாண்ணே. அவரு முதல்ல பதிஞ்சிட்டாரு."

"அவரு பரோட்டா போடுவாராம்மா?"

ஷெரின் திரையில் தேடினார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலையே."

தணிகைவேல் மாவு ஒட்டிய தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

அன்று மாலை கடைக்குச் சீல் வைத்தார்கள். மாடியில் இருந்தவருக்கு உரிமம் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டது.