இன்னைக்கு வேணாம்

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பிய இருதயராஜைத் தினமும் ஏரிக்கரையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். புல்லில் உறைபனி படிந்திருக்கும் நாட்களில் மட்டும் வெளியே போகக் கூடாது. அதனால் அவர் மனைவி பிலோமினா விடிந்ததும் வெறுங்காலோடு வாசல் புல்லில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். பன்னிரண்டு நாட்களாக ஒரே பதில்தான். "வெள்ளை வெளேர்னு கெடக்குங்க. இன்னைக்கு வேணாம்."

பதிமூன்றாம் நாள் அவருக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. சன்னலை ஒட்டி நின்று பார்த்தார். மலையும் மரங்களும் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தன. கீழே புல் பச்சைப்பசேலென்று நனைந்து கிடந்தது. அதன் நடுவில் பிலோமினா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தூக்கத்தில் நடப்பவளைப் போல மெல்ல நடந்தாள். பிறகு நின்று, கண்களை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உள்ளே வந்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரே உறைபனிங்க."

அவர் துண்டை எடுத்துக் கீழே உட்கார்ந்து, அவள் பாதங்களில் ஒட்டியிருந்த ஈரப் புல்லைத் துடைத்துவிட்டார்.

"தனியா அனுப்பத்தானே பயம்? நீயும் வா."

அவள் அவருடைய கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியவில்லை. அவருடைய ஸ்வெட்டர் பைக்குள் அவள் கை இருந்தது. பனிக்குள்ளிருந்து எதிரே வந்த பால்காரர், "இந்தக் குளிர்லயா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"குளிருதுதான்," என்றாள் பிலோமினா. நடையை நிறுத்தவில்லை.